நட்டு வைத்த பல்

பல்லைப் பிடுங்குகிறவர்களை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். பல்லை நட்டவரைப் பார்க்க வேண்டுமென்றால், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சலூனுக்குத்தான் போக வேண்டும். சலூன்காரர் தம்மைப் பற்றி இப்படித்தான் சொல்லிக்கொள்வார். அதுவும் உடனே சொல்லிவிட மாட்டார். புது ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றித் துணி ஏறி, ஒரு பக்கம் கத்தரித்து மறுபக்கம் அப்படியே இருக்க, இனி எழுந்து ஓட வழியில்லை என்று ஆன பிறகுதான் கதை ஆரம்பமாகும்.

"கையில கத்தி வச்சிருக்கிறவன் சொல்ற கதைய யாரும் பாதியில விட்டுட்டுப் போனதில்ல சார்" என்பது முன்னுரை.

கதை இதுதான். அவருடைய மகளுக்கு அப்போது எட்டு வயது. பால்பற்கள் விழுந்து, முன்பற்கள் இரண்டும் முகத்துக்குச் சம்பந்தமில்லாத அகலத்தில் புதிதாக வந்து நின்ற காலம். அவர் அவளை முயல்குட்டி என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சலூனில் உட்கார இடமில்லாத கூட்டம். வாசற்படியை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார். "அப்பா" என்று ஓடிவந்த முயல்குட்டி படியில் வழுக்கி, நாற்காலியின் இரும்புக் கால்வைப்பில் வாயை மோதினாள். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு பிடுங்கிக்கொண்டு பறந்துபோய், வெட்டிப் போட்டிருந்த முடிக்குவியலில் விழுந்தது.

"கருகருன்னு முடி. நடுவுல வெள்ளையா ஒண்ணு. யாரோ சட்டைப் பொத்தான விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன் சார். எடுத்துப் பார்த்தா எம் பொண்ணு பல்லு! வேற யாரா இருந்தாலும் அத ஒரு காகிதத்துல மடிச்சுக்கிட்டு ஒப்பாரி வச்சிருப்பாங்க. நான் யோசிச்சேன். சலூன்ல ஒரு சட்டம் இருக்கு. தரையில விழுந்தது சீப்போ, கத்தரியோ, கழுவாம மனுஷன் மேல படக்கூடாது. தொழில் கத்துக் குடுத்த முதலாளி எம் மண்டையில கொட்டிக் கொட்டிப் பதிய வச்சது. பல்லுக்கு மட்டும் தனிச் சட்டமா? கிருமி மருந்து பாட்டில்ல போட்டு ஒரு குலுக்கு. சீப்பு தேய்க்கிற பிரஷ்ஷால ஒரு தேய்ப்பு. அப்பவும் வேர்ல செவப்பா, சவ்வு மாதிரி என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு. விடுவேனா? புது பிளேடு ஒண்ணு பிரிச்சு, மேலயிருந்து கீழ, சுத்தமா வழிச்சு எடுத்துட்டேன். மனுஷனுக்கு ஷேவிங் பண்றவன் ஆயிரம் பேர் இருக்கான் சார். பல்லுக்கு ஷேவிங் பண்ணினவன் நான் ஒருத்தன்தான்!"

இந்த இடத்தில்தான் சிரிப்பு வரும். எப்படிப்பட்ட சிடுமூஞ்சிக்கும் வரும். சிரிப்பில் தலை ஆடும் என்று தெரிந்து, கத்தரியை ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அடங்கிய பிறகு கடைசிப் பகுதி. பளபளவென்று ஆன பல்லை அழுகிற பிள்ளையின் வாய்க்குள் வைத்து அழுத்தியது, அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது, அங்கே அவசரத்தில் இருந்த டாக்டர் எட்டிப் பார்த்து "யாருங்க வச்சது? சரியாத்தான் வச்சிருக்கீங்க" என்று சொல்லி, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டி அனுப்பியது. கம்பியை எடுத்த பிறகும் பல் நின்றுவிட்டது.

"என் சொந்தப் பல்லு நாலு ஆடுது சார். நான் நட்டது இன்னிக்கு வரைக்கும் ஆடல, அசையல."

அந்த "சரியாத்தான் வச்சிருக்கீங்க" என்ற ஒரு வாக்கியத்துக்கு மரச்சட்டம் போட முடிந்திருந்தால், கண்ணாடிக்கு மேலே மாட்டியிருப்பார். அவருடைய மனைவிக்கு மட்டும் இந்தக் கதை காதில் விழுந்தாலே எரியும். தையல் கூடத்தில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைத்துவிட்டு வருகிறவள். வாசலிலேயே ஆரம்பிப்பாள்: "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி. இந்தப் பல்லியும் ஒரு நாள் விழத்தான் போகுது."

"விழுந்தா எடுத்து நட்டுடுவேன்" என்பார் அவர்.

*

பிள்ளை வளர்ந்தாள். தாடையும் கூடவே வளர்ந்தது. பக்கத்துப் பற்கள் அதோடு சேர்ந்து மரியாதையாகக் கீழே இறங்கி வந்தன. நட்ட பல் மட்டும் நட்ட இடத்திலேயே நின்றது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு, குழுப் படத்தில் பின்வரிசையில் நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறவர் போல, இரண்டு பற்களுக்கு நடுவே மேலேயிருந்து எட்டிப் பார்த்தது. நிறமும் கொஞ்சம் பழுத்தது.

அதே வேகத்தில் அவளுடைய இடது கையும் மேலே ஏறியது. முதலில் சிரிக்கும்போது வாயைப் பொத்தினாள். பிறகு பேசும்போதும். பள்ளியில் படம் எடுக்கிற நாளில் அவளுக்குத் தவறாமல் காய்ச்சல் வந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாய் இருந்தது, அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த வாய். அதைத் திறக்கத்தான் மனமில்லை.

சலூன்காரருக்கு இது எங்கே வலித்தது என்றால், அவர் பிழைப்புக்கு முடிவெட்டினாலும் உயிர் வாழ்வது மற்றவர்களைச் சிரிக்க வைத்து. ஊரே சிரித்தது. பல் இல்லாத கிழவர்கள்கூட ஈறு தெரியச் சிரித்தார்கள். எவள் சிரிப்பதைப் பார்க்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் கடையிலிருந்து ஒரு நகைச்சுவையைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாரோ, அவள் அவருக்குப் புறங்கையைத்தான் காட்டினாள். கண் சிரிக்கும். தோள் குலுங்கும். நடுவில் அந்தக் கை. அந்தக் கை ஏறிய பிறகு மகளின் சிரிப்பை அவர் முழுசாகப் பார்த்ததே இல்லை. முயல்குட்டி என்று கூப்பிடுவதையும் எப்போதோ விட்டுவிட்டார். பல்லைக் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும் அல்லவா.

அந்தக் கை ஒரு தடவை கீழே இறங்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

*

பதினான்கு வயதில் கம்பி டாக்டரிடம் போனார்கள். பற்களுக்குக் கம்பி கட்டி வரிசைப்படுத்துகிறவர் என்பதால் அந்தம்மாவுக்கு அந்தப் பெயர். மாடிப்படியிலேயே மனைவி உத்தரவு போட்டாள்.

"இங்க பாருங்க. உள்ள போய் உங்க கச்சேரிய ஆரம்பிச்சுடாதீங்க. அந்தம்மாவுக்கு ஆயிரம் வேலை. கேக்கிறதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"பல் டாக்டர்கிட்ட வாயத் திறக்காம எப்படிம்மா?"

"அத உங்க பொண்ணு திறப்பா."

உள்ளே நுழைந்ததும் அவர் பார்த்தது நாற்காலியைத்தான். சாயும், ஏறும், இறங்கும், தலைக்கு மேலே விளக்கு. தொழில்வழிச் சொந்தக்காரி வீட்டுக்கு வந்ததுபோல் ஒரு நெருக்கம் தோன்றியது. 'நம்ம நாற்காலிதான். இங்கே உட்கார்ந்தால் பேச வாய் இருக்காது, நம்ம கடையில் உட்கார்ந்தால் பேச இடம் இருக்காது' என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து விழுங்கினார்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இந்த முன்பல்லுல எப்பவாவது அடிபட்டுச்சா?"

"சின்ன வயசுல விழுந்துட்டா டாக்டர். பல்லுல நல்ல அடி" என்றாள் மனைவி.

"ஆடுச்சா?"

"கொஞ்ச நாள் கட்டுப் போட்டிருந்தாங்க. அப்புறம் கல்லு மாதிரி உறுதியாயிடுச்சு."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சலூன்காரர் வாயைத் திறந்தார். பல்லில் அடி என்பதும், பல் வேரோடு வெளியே வந்து முடிக்குவியலில் கிடந்தது என்பதும் ஒன்றா? இவ்வளவு பெரிய கதையை "நல்ல அடி" என்று சுருக்கினால் அதை நட்டவன் என்ன ஆவது? மனைவியின் செருப்பு அவருடைய கால்விரல் மேல் ஏறி நின்றது. வாயை மூடிக்கொண்டார். டீக்கடையில், பேருந்தில், ரேஷன் வரிசையில், துக்க வீட்டில்கூடச் சொன்ன கதையை வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் சொல்லாமல் விட்டார். அது அந்த இடம்.

"வேர் கொஞ்சம் மங்கலாத் தெரியுது. அடிபட்ட பல் சில சமயம் ஒத்துழைக்காது. பார்ப்போம், முயற்சி பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா.

மூன்று பேருக்கும் கடைசி இரண்டு சொற்கள்தான் கேட்டன.

*

கம்பி வந்தது. பல்லுக்குப் பல் ஒரு சின்னக் கொக்கி, எல்லாவற்றையும் கோத்து ஒரு கம்பி, நட்ட பல்லைக் கீழே இழுக்க ஒரு தனி ஏற்பாடு. ஒவ்வொரு தடவை முறுக்கிவிட்ட பிறகும் நாலைந்து நாள் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள் என்று சொல்லலாம் என்றால், பல்லைக் கடிக்கவும் முடியாத வலி. சோற்றைக் குழைத்து விழுங்கினாள். பள்ளியில் அவளுக்கு 'தண்டவாளம்' என்று பெயர் வைத்தார்கள். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்களாம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டார் சலூன்காரர், யாரை அடிக்கப் போவது என்று தெரியாத கோபத்தில்.

"லேட்டா வரும், ஆனா வந்து சேரும்னு சொன்னேன்" என்றாள் கைக்குப் பின்னாலிருந்து.

அன்று அவருக்கு வந்த பெருமை, பல் நட்ட அன்றுகூட வந்ததில்லை.

சலூனுக்கு வார விடுமுறை நாள் ஒன்றில், கத்தரிகளைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கூட்டிவிட்டு வருகிறேன் என்று சாவியை வாங்கிப் போனவள் மகள்தான். குனிந்து பார்த்தார். நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மிதியை அழுத்தி அழுத்தி நாற்காலியை உயர்த்தி, கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்திருந்தாள். இரண்டு கையும் மடியில். சத்தமில்லாமல் சிரித்துப் பார்த்தாள். முகத்தை ஒருபக்கம் திருப்பி ஒரு சிரிப்பு. மறுபக்கம் திருப்பி ஒன்று. கை ஒரு தடவை தானாக எழுந்தது. அதை மறு கையால் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல மறுபடியும் முதலிலிருந்து சிரித்தாள்.

சலூன்காரர் சத்தம் காட்டாமல் பின்வாங்கி சைக்கிள் கடைக்குள் போய் நின்றுகொண்டார்.

"என்னண்ணே, கண்ணுல முடி விழுந்துடுச்சா?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"ஆமாம்ப்பா. சொந்த முடி."

மறுநாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிகையலங்காரப் படங்களில் நடுவில் இருந்ததைக் கிழித்து எடுத்தார். சுவரில் ஒரு சதுரம் வெளுப்பாகத் தெரிந்தது. கேட்டவர்களுக்கெல்லாம், "இந்த இடம் புக் ஆயிடுச்சு. ஒரு பெரிய ஸ்டார் படம் வருது" என்றார்.

*

எப்படி வெட்டினாலும் கடைசியில் இரண்டு கிருதாவும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் தொழில். கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தால், மூக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு கோடு அவர் கண்ணுக்குள் தானாக ஓடும். கம்பி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அந்தக் கண்தான் ஒரு நாள் சாப்பிடும்போது அதைப் பார்த்துவிட்டது. மகள் தண்ணீர் குடிக்க அண்ணாந்தாள். மேல்வரிசைப் பற்களில் கோடு கோணலாக ஓடியது.

நட்ட பல் கீழே இறங்கவில்லை. மற்ற பற்கள் அதை நோக்கி மேலே ஏறிக்கொண்டிருந்தன.

அதன் பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் வாயை மூடிக் கடித்தாலும் முன்னால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் ஒரு சந்து தெரிந்தது. அம்மாவுக்கு உதவியாகத் தைக்கும்போது நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறவள், இப்போது கத்தரியைத் தேடினாள். மனைவி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்தும் இவரைப்போலவே வாயை மூடிக்கொண்டாளோ என்னவோ. சலூன்காரர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். பாதி வெட்டியிருக்கும்போது பார்த்தால் எந்தத் தலைதான் லட்சணமாக இருக்கிறது? முடிகிற வரைக்கும் பேசாமல் உட்கார வேண்டும். இதை வாடிக்கையாளர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

அடுத்த தடவை கம்பி முறுக்கப் போனபோது மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அப்பாவும் மகளும் மட்டும் போனார்கள்.

டாக்டரம்மா வெகுநேரம் வாய்க்குள் பார்த்தார். பற்களின் பழைய அச்சையும் புது அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சின்னக் கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் காம்பால் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். டொக். டொக். மரக்கதவைத் தட்டுவதுபோல மந்தமான சத்தம். நட்ட பல்லில் தட்டினார். டிங்.

எவர்சில்வர் தம்ளரில் கரண்டி பட்டதுபோல் இருந்தது. மறுபடி தட்டினார். டிங்.

"கோயில் மணி மாதிரி இருக்கு பாருங்க டாக்டர்" என்றார் சலூன்காரர். "மத்ததெல்லாம் ஓட்டைப் பானை. என் பல்லுதான் கணீர்ன்னு கேக்குது."

"உங்க பல்லா?"

"நான் நட்டதுங்க!"

டாக்டரம்மா திரும்பினார். "சின்ன வயசுல சரியா என்ன நடந்துச்சு? பல் ஆடுச்சா, இல்ல முழுசா வெளிய வந்துடுச்சா?"

இதற்காகத்தானே இத்தனை காலம் அந்தக் கால்விரல் காத்திருந்தது. சலூன்காரரின் முகம் மலர்ந்தது. மனைவி இல்லை, செருப்பு இல்லை, கேட்கிறவரோ சாட்சாத் பல் டாக்டர். எழுந்து நின்றார். ஈரப் படியிலிருந்து ஆரம்பித்தார். முடிக்குவியல், சட்டைப் பொத்தான், முதலாளி கொட்டிய கொட்டு, கிருமி மருந்து, பிரஷ், ஒன்றையும் விடவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த மகளால் குறுக்கிடவும் முடியாது. உதட்டை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம் வாயில் இருந்தது. "பல்லுக்கு ஷேவிங் பண்ணினவன் நான் ஒருத்தன்தான் டாக்டர்!" என்று முடித்தபோது, கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"எதால வழிச்சீங்க?"

"பிளேடாலதான்." அவர் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "புது பிளேடு டாக்டர். பிரிக்காத பிளேடு."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். அதைக் கழற்ற எதற்கு இவ்வளவு நேரம் என்று சலூன்காரருக்குத் தோன்றியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வார்த்தையைத் தேடுகிற நேரம் அவருக்கும் பழக்கம்தான்.

"வேரைச் சுத்தி செவப்பா ஒரு சவ்வு இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல. அதுக்குத்தாங்க உயிர். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல அதுதான் மெத்தை மாதிரி. கம்பி இழுத்தா பல் நகருதுன்னா, அந்த மெத்தை இருக்கிறதாலதான் நகருது. அது இல்லன்னா எலும்பு வந்து நேரா வேரைப் பிடிச்சுக்கும். ரெண்டும் ஒண்ணாயிடும். காங்கிரீட்ல நட்ட கம்பி மாதிரி. நாம அதைக் கீழ இழுக்கிறோம், அது வரல. அதைப் பிடிச்சுக்கிட்டு மத்த பல்லெல்லாம் மேல ஏறுது."

"அப்போ, கழுவாம..."

"லேசாத் தண்ணி காட்டி அப்படியே வச்சிருக்கலாம். இல்ல, பால்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கலாம்." சொல்லிவிட்டு உடனே கையை உயர்த்தினார். "உங்கள நான் தப்புச் சொல்லல. நிறைய பேர் குப்பையில போட்டுடுவாங்க. நீங்க வச்சதாலதான் இத்தனை வருஷம் இருந்துச்சு. நானும் முதல் நாளே தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா கம்பி போட்டிருக்க மாட்டீங்களா?"

"அந்தப் பல்லுக்குப் போட்டிருக்க மாட்டேன்."

நின்றபடி கதை சொன்ன சலூன்காரர் உட்கார்ந்தார்.

"ஆனா டாக்டர், ஆடவே இல்லையே. கல்லு மாதிரி நின்னுச்சே. நாங்க அதுக்குத்தானே சந்தோஷப்பட்டோம்."

"உயிருள்ள பல் ஒரு முடியளவாவது அசையும்" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "அசையவே அசையாதுன்னா, அது போயிடுச்சுன்னுதான் அர்த்தம்."

முடியளவு. முடியின் அளவு தெரியாதவரா அவர்? அந்த அளவுக்குள்ளே ஒரு பிள்ளையின் சிரிப்பு இருந்திருக்கிறது. அதை வழித்துத் துடைத்துவிட்டு, கணீரென்று இருக்கிறது பார் என்று ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்.

மேற்கொண்டு செய்ய வேண்டியதை டாக்டரம்மா சொன்னார். அந்தப் பல்லை இனி இழுக்க வேண்டாம். ஏறிப்போன மற்ற பற்களைப் பழையபடி கீழே கொண்டுவர வேண்டும், அதற்கே நாளாகும். நட்ட பல்லின் வெளிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வேரை உள்ளேயே விட்டுவிடலாம். எலும்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வளர்ச்சி நிற்கும் வரைக்கும் நிரந்தரப் பல் எதுவும் வைக்க முடியாது. அதுவரைக்கும் கழற்றி மாட்டுகிற தகடு ஒன்றில் பொய்ப்பல். சாப்பிடும்போது கழற்றிக்கொள்ள வேண்டும்.

மகள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வளையம். மூடவும் முடியாது, பொத்தவும் முடியாது. கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு காதை நோக்கி ஓடியது. சலூன்காரரின் கை, காதுமடலில் சோப்பு நுரை இறங்கினால் துடைக்கிற அதே பழக்கத்தில், கழுத்துத் துணியின் நுனியை எடுத்துத் துடைத்தது.

*

பேருந்தில் ஜன்னலோரம் மகள், பக்கத்தில் அவர். கூட்டம் இல்லை. முன்னால் ஒரு குழந்தை திரும்பி நின்று, பல் முளைக்காத ஈறைக் காட்டி இவர்களைப் பார்த்துச் சிரித்தது. மற்ற நாளாக இருந்தால் அதற்கு ஒரு வசனம் பேசியிருப்பார். இன்று சட்டைப் பையைத் துழாவுகிறவர் போல மனதுக்குள் துழாவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. பல்லி பானைக்குள் விழுந்துவிட்டது. துள்ளக்கூட இல்லை.

"முயல்குட்டி" என்றார். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் திரும்பவில்லை. கை வாயில் இருந்தது. இரண்டு நிறுத்தம் போன பிறகு கைக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"அப்பா. அம்மாகிட்ட, கம்பிக்கு அந்தப் பல் ஒத்துவரலன்னு மட்டும் சொல்லுங்க. மத்தது வேணாம்."

"நான் பண்ணினத நான் சொல்லித்தானே ஆகணும்மா."

"உங்களுக்காகச் சொல்லல. அன்னிக்கு அம்மா உங்க காலை மிதிச்சாங்கல்ல. நீங்கதானே வீட்டுக்கு வந்து நடிச்சுக் காட்டினீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்கே நீங்க சொல்லியிருந்தா கம்பியே போட்டிருக்க மாட்டாங்கன்னு அவங்களுக்கும் தெரிஞ்சுடும்."

பதினாறு வயசுப் பிள்ளை, தன் வாய்க்குள் நடந்த விபத்துக்கு, அம்மாவைத் தனியாகவும் அப்பாவைத் தனியாகவும் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மனைவி கேட்டாள். "ஒத்துவரலையாம்" என்றார். மனைவி மகளின் முகத்தைப் பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள், தைத்துக்கொண்டிருந்த காலரைப் பார்த்தாள். "இத்தனை நாள் வலியும் வீணா?" என்றாள். மகள் அடுப்படிக்குப் போய்விட்டாள். "டாக்டர்கிட்ட நீங்க ஏதாவது பேசினீங்களா?"

"இல்லம்மா. வாயத் திறக்கல" என்றார்.

*

பல்லை வெட்டி எடுக்கக் குறித்த நாளுக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மகள் சலூனுக்கு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மெக்கானிக் உள்ளே வந்தார், வாராவாரம் வருகிறவர், கூடவே தன் தங்கை கணவரை இழுத்துக்கொண்டு.

"அண்ணே, எங்க மாப்பிள்ளை. வெளியூரு. முடிவெட்டணும்னாரு, நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். மாப்பிள்ளை, உட்காருங்க. முடி எப்படி வேணாலும் வெட்டிக்கட்டும், அந்தப் பல்லுக் கதைய மட்டும் கேட்டுட்டுப் போங்க. வயிறு புண்ணாயிடும்."

சலூன்காரர் துணியை உதறிக் கட்டினார். "இன்னிக்கு வேணாம்ப்பா. தொண்டை சரியில்ல."

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? வழி முழுக்க ஏத்திவிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன். என் மானம் போயிடும்."

"இன்னொரு நாள்."

"சொல்லுங்கப்பா" என்றாள் மகள் பெஞ்சிலிருந்து.

எழுந்து வந்தாள். அலமாரியில் துண்டு எடுப்பதுபோல் அவர் பக்கத்தில் நின்று, கைக்குப் பின்னால் மெல்லச் சொன்னாள். "சொல்லுங்க. நீங்க சும்மா இருந்தா கடை நல்லாவே இல்ல. ஷேவிங் பண்ணின இடத்த மட்டும் விட்டுடுங்க."

துண்டை அவர் தோளில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

சொன்னார். கத்தரி ஒரு பக்கம் நடந்தது, கதை ஒரு பக்கம் நடந்தது. ஈரப் படி வந்தது. கால்வைப்பு வந்தது. முடிக்குவியலில் வெள்ளையாக ஒன்று கிடந்தது, சட்டைப் பொத்தானும் வந்தது. அதற்கு அடுத்த படியில் காலை வைக்கப் போனவர், அங்கே படி இல்லாததைக் கண்டு தாண்டிக் குதித்தார். "எடுத்தேன். வச்சேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சரியாத்தான் வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க."

மாப்பிள்ளை மரியாதையான மனிதர். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "ஓ, அவ்வளவுதானா?" என்றார்.

"இல்ல மாப்பிள்ளை, நடுவுல ஒண்ணு இருக்கு. அதுதான் கதையே! அண்ணே, என்னண்ணே, அத விட்டுட்டீங்களே..."

மகள் சிரித்தாள்.

பெரிதாக, சத்தமாக, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, தோள் குலுங்கச் சிரித்தாள். மெக்கானிக்கின் வாய் அந்தச் சொல்லுக்குப் போகாமல் பாதியிலேயே நின்று, அவரும் சிரிக்க ஆரம்பித்தார். எதற்கென்று தெரியாமல் மாப்பிள்ளையும் சிரித்தார். சலூன்காரர் கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடிக்குள்ளே பெஞ்சு, பெஞ்சில் மகள், மகளின் முகத்தில் கை. எப்போதும் ஒரு கைதான் இருக்கும். இன்று இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் கைகள் அங்கேயே இருந்தன. பக்கத்தில் சுவரில் அந்த வெளுத்த சதுரம்.

"சார்" என்றார் மாப்பிள்ளை, கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, தயக்கத்தோடு. "தப்பா நினைக்காதீங்க. இந்தப் பக்கம் கிருதா கொஞ்சம் மேல ஏறிப்போச்சு."

சலூன்காரர் பார்த்தார். ஆமாம், ஏறித்தான் போயிருந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு முகத்திலும் நடக்காதது.

"சரி பண்ணிடலாம் சார்" என்றார்.

ஏறிப்போனதை இறக்க வழி கிடையாது. கத்தியை எடுத்து, சரியாக இருந்த மறுபக்கத்தை, அதற்குச் சமமாக மேலே ஏற்ற ஆரம்பித்தார்.